பூமிக்கு அடியில் நீர், நீருக்கு அடியில் காற்று

ஆரணியிலிருந்து போளூருக்குப் போகும் வழியில், வடமாதிமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருமலை. ஏழுமலையானின் திருமலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது சமணர் மலை. அடிவாரத்தில் ராஜராஜனின் அக்காள் குந்தவை பெயரில் ஒரு ஜினாலயம். பாறையில் ராஜேந்திர சோழனின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அவன் வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்கிறது. கங்கை வரை போன படையெடுப்பைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர்கள் இன்றும் இந்தப் பாறையைத்தான் தேடி வருகிறார்கள். மேலே ஏறினால் மலையின் உடம்பிலேயே செதுக்கிய நேமிநாதர், சுமார் 16 மீட்டர் உயரம், 12-ஆம் நூற்றாண்டு வேலை. தமிழ்நாட்டிலேயே உயரமான சமணச் சிற்பம் என்று கருதப்படுவது இது.

நிலநடுக்கத்தைப் பற்றிய அத்தியாயத்தைத் தொடங்க இது பொருத்தமில்லாத இடம் போலத் தோன்றும். சுற்றுப்புற ஊர்களில் பட்டுத்தறி ஓடுகிறது, ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது, கிழக்கும் மேற்கும் கரும்பாறைக் குன்றுகள். இந்தப் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி வயது. இமயமலை முளைப்பதற்கு வெகுகாலம் முன்பே இறுகி ஓய்ந்துவிட்ட நிலம். சென்ற அத்தியாயத்தில் பார்த்த தட்டு விளிம்புகளில் எதுவும் இதற்கு அருகில் இல்லை.

ஆனால் இந்த மலையில் தங்கிய துறவிகளிடம் பூமி எதன்மேல் நிற்கிறது என்பதற்குத் தெளிவான பதில் ஒன்று இருந்தது. பூமி எதனால் அசையும் என்பதற்கான விடை அதற்குள்ளேயே இருந்தது. நடுங்காத நிலத்தில் வாழ்ந்தவர்களிடம் நடுக்கத்தின் கொள்கை எப்படி வந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் மகதம், கிரேக்கம், ரோம் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு மறுபடி தமிழ்நாட்டுக்கே வர வேண்டியிருக்கிறது.

சமணத்தின் இரு பிரிவினரும் ஏற்கும் நூல் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம். அதன் மூன்றாம் அத்தியாயத்தின் முதல் சூத்திரம் பூமியின் அடித்தளத்தைச் சொல்கிறது. கீழ்க்கீழாக ஏழு நிலங்கள்; அவற்றைத் தாங்குவது அடர்ந்த நீர்; அந்த நீரைத் தாங்குவது காற்று; காற்றுக்கு அடியில் வெளி. அவ்வளவுதான். ஆமை இல்லை, யானை இல்லை, ஆதிசேஷன் இல்லை. சுவேதாம்பரர் ஆகமங்களில் ஒன்றான ஸ்தானாங்கம் இதிலிருந்து நிலநடுக்கத்துக்கே வந்துவிடுகிறது. அடியிலுள்ள காற்று கலங்கினால் நீர் கலங்கும், நீர் கலங்கினால் பூமி முழுவதும் குலுங்கும். ஒரு பகுதி மட்டும் அசைவதற்கு வேறு காரணங்கள் உண்டு. நிலத்துக்குள் பெரிய பருப்பொருள் திரள்கள் பிரிந்து விழுவது ஒன்று. நாகர்களும் சுபர்ணர்களும் போரிடுவது இன்னொன்று. தேவர்கள் தங்கள் ஆற்றலைக் காட்டுவதும் பட்டியலில் இருக்கிறது. இயற்கைக் காரணத்தையும் தெய்வக் காரணத்தையும் ஒரே வரிசையில், கூச்சமில்லாமல், அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். முழு நடுக்கம், பகுதி நடுக்கம் என்று இரண்டாகப் பிரித்திருப்பதுதான் எனக்கு வியப்பு. எங்கோ ஒரு மாவட்டம் மட்டும் ஆடியதையும், நாடே ஆடியதையும் தனித்தனியாகக் கவனித்தவர்கள்தான் அப்படிப் பிரிக்க முடியும்.

பௌத்தர்களிடமும் இதுவே இருக்கிறது. புத்தரின் இறுதி நாட்களைச் சொல்லும் மகாபரிநிப்பான சுத்தத்தில் நிலநடுக்கத்துக்கு எட்டுக் காரணங்கள் வருகின்றன. முதற்காரணம், நீரின் மேல் பூமி, காற்றின் மேல் நீர், பெருங்காற்று வீசும்போது இரண்டும் அசைகின்றன என்பது. மற்றவற்றில் பெரும்பாலானவை போதிசத்துவர் பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் என்று புத்தரின் வாழ்வோடு சேர்ந்தவை.

இதே காலத்தையொட்டி, கி.மு. 6-ஆம் நூற்றாண்டில், ஏஜியன் கடலோர ஊரான மிலேட்டஸில் தேலீஸ் என்பவர் பூமி நீரில் கட்டையைப் போல மிதக்கிறது, நீர் தளும்பும்போது ஆடுகிறது என்றார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அரிஸ்டாட்டில் காற்றைப் பிடித்துக்கொண்டார். வெயிலும் ஈரமும் சேர்ந்து நிலத்துக்குள் காற்றை உண்டாக்குகின்றன, வெளியேற வழியில்லாத காற்று உள்ளே முட்டி மோதி நிலத்தைக் குலுக்குகிறது என்பது அவருடைய விளக்கம். நிலநடுக்கத்துக்கு முன்னால் ஊரில் காற்றே அடங்கி இறுக்கமாக இருக்கும் என்றும் அவர் எழுதினார், ஏனென்றால் வெளியே வீச வேண்டிய காற்றெல்லாம் உள்ளே போய்விட்டதாம். இந்த நம்பிக்கைக்கு இன்றும் ஆயுள் முடியவில்லை. பெரிய நடுக்கம் ஏதாவது வந்துவிட்டால் போதும், அன்றைக்கு ஒரே புழுக்கமாக இருந்தது என்று சொல்ல ஆள் வந்துவிடும்.

நீர், காற்று. இரண்டு இடத்திலும் அதே இரண்டு பொருள்கள். யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்று உடனே ஒரு சண்டை தொடங்கும்; நம் பக்கத்து ஆட்கள் ஏதென்ஸுக்கே நாம்தான் பாடம் சொன்னோம் என்பார்கள். அதற்கு முன்னால் இந்த ஆட்கள் நின்ற மண்ணைப் பார்ப்பது நல்லது.

மகாவீரரும் புத்தரும் நடந்த நிலம் இன்றைய பீகார். 1934 ஜனவரி 15 அன்று மதியம், கிழக்கு நேபாளத்தில் தொடங்கிய நடுக்கம் நேபாளத்திலும் பீகாரிலுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அளவு 8 என்கிறார்கள். அன்று நடந்தவற்றில் சாட்சிகள் திரும்பத் திரும்பச் சொன்னது, இடிந்த சுவர்களை அல்ல, நிலத்திலிருந்து பீய்ச்சியடித்த நீரை. வயல்களில் பிளவு விழுந்து மணலும் நீரும் ஊற்றாகக் கிளம்பின. கிணறுகள் மணலால் தூர்ந்தன. வீடுகள் சாய்ந்து மண்ணுக்குள் இறங்கின. மகாவீரர் பிறந்ததாகச் சொல்லும் வைசாலிக்குப் பக்கத்து நகரமான முசாஃபர்பூர் மிகவும் அடிபட்டவற்றில் ஒன்று. கங்கைச் சமவெளியின் அடியில் மிக ஆழம் வரை ஈர மணலும் வண்டலும்தான். அதைக் குலுக்கினால் மணல் துகள்கள் ஒன்றையொன்று தாங்கும் பிடிப்பை இழக்கின்றன, இடையில் உள்ள நீர் பாரம் தாங்க வேண்டி வருகிறது, மண் சிறிது நேரத்துக்குத் திரவம் போல நடந்துகொள்கிறது. அழுத்தம் தாளாத நீர், கிடைத்த வழியில் மேலே வருகிறது.

இப்போது, இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் அதே சமவெளியில் நிற்கும் ஓர் அறிவாளியை நினைத்துப் பாருங்கள். நிலம் குலுங்குகிறது, காலடியில் நீர் பொங்குகிறது. பூமிக்கு அடியில் நீர் இருக்கிறது என்ற முடிவுக்கு வர அவருக்குத் தெய்வ அருள் தேவைப்படாது. கண் போதும். கிரேக்கத்தின் கதை வேறு. அங்கே நிலம் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் குகையாக்குகிறது, ஆறுகள் ஓரிடத்தில் நிலத்துக்குள் நுழைந்து வேறோரிடத்தில் வெளிவருகின்றன, குகை வாயில்களில் குளிர்ந்த காற்று வீசுகிறது. அக்காயா, சிசிலி, யூபியா என்று, உள்ளே பொள்ளலான நிலங்களில்தான் நடுக்கம் கடுமை என்று அரிஸ்டாட்டில் இடம் சொல்லியே எழுதினார். அரிஸ்டாட்டில் காற்றைச் சொன்னதும் மகதத்தார் நீரைச் சொன்னதும் அவரவர் மண் கற்றுக்கொடுத்த பாடம் என்றுதான் எனக்குப் படுகிறது. கொள்கை தவறு, கவனிப்பு சரி.

அந்தக் கொள்கை துறவிகளோடு தெற்கே நடந்து வந்தது. நீரும் பொங்காத, காற்றும் சீறாத திருமலைப் பாறைக்கு அது வந்து சேர்ந்தபோது, சரிபார்க்க இங்கே எதுவும் இல்லை. நூலறிவாகவே தங்கிவிட்டது.

கொள்கைக்காரர்கள் ஒருபுறம் இருக்க, ஊராருக்கும் அரசர்களுக்கும் வேண்டியிருந்தது வேறு விடை. எதனால் என்பதைவிட எதற்காக என்பதே அவர்களின் கேள்வி. உஜ்ஜயினியின் வராகமிகிரர் 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய பிருகத் சம்ஹிதையில் நிலநடுக்கத்துக்கென்று ஓர் அத்தியாயம் உண்டு. கடலில் வாழும் பெரிய உயிரினங்கள், பாரம் சுமந்து களைத்துப் பெருமூச்சு விடும் திசை யானைகள், மோதி விழும் காற்று, கண்ணுக்குத் தெரியாத வினைப்பயன் என்று பழைய ஆசிரியர்களின் கருத்துகளை அடுக்குகிறார். பிறகு எதிலும் நிற்காமல், தனக்கு வேண்டியதற்கு வந்துவிடுகிறார். நடுக்கம் வந்த வேளையையும் நட்சத்திரத்தையும் வைத்து அதை வாயு, அக்கினி, இந்திரன், வருணன் என நான்கு வகையாக்கி, எந்த வகைக்கு எந்த நாட்டுக்குக் கேடு, எந்தத் தொழிலாருக்கு நோய் என்று பலன் சொல்கிறார். குறிப்பிட்ட நாட்களுக்குள் மறுபடி நடுங்கினால் அரசனுக்கு ஆபத்து என்றும் இருக்கிறது. பெரிய நடுக்கத்தைத் தொடர்ந்து பின்னதிர்வுகள் நாள்கணக்கில் வரும் என்பதை யாரோ எண்ணி வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை சோதிடத்துக்குள் புதைந்து கிடக்கிறது.

கிரேக்கர்களிடம் அந்தப் பொறுப்பு கடற்கடவுள் பொசைடனுக்கு. நடுங்கினால் மக்கள் சபை கலையும். போருக்குப் புறப்பட்ட படை திரும்பும். கி.மு. 426-இல் ஏதென்ஸ் மீது படையெடுத்து வந்த ஸ்பார்ட்டர்கள் நடுக்கங்களைக் கண்டு பாதி வழியிலேயே ஊர் திரும்பினார்கள். அந்த ஸ்பார்ட்டாவையே கி.மு. 464 வாக்கில் ஒரு நடுக்கம் தரைமட்டமாக்கியிருந்தது. பொசைடன் கோயிலில் தஞ்சம் புகுந்த ஹெலட் அடிமைகளை வெளியே இழுத்துக் கொன்ற பாவம்தான் காரணம் என்று ஸ்பார்ட்டர்களே நம்பியதாகத் துசிடிடீஸ் எழுதுகிறார். இடிபாடுகளுக்கு நடுவே அந்த ஹெலட்டுகள் கிளர்ந்தெழுந்தார்கள் என்பதும் வரலாறு.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு 1934 மறுபடி நினைவுக்கு வர வேண்டும். பீகார் நடுக்கம் நடந்து பத்து நாள் ஆகுமுன், ஜனவரி 24 அன்று, அரிஜன யாத்திரையில் திருநெல்வேலிக்கு வந்திருந்த காந்தி, அந்தப் பேரழிவு தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று பேசினார். தாகூர் பொறுக்கவில்லை. இயற்கை நிகழ்வை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது மக்களின் பகுத்தறிவற்ற போக்குக்குத் தீனி போடும் என்று மறுப்பு எழுதினார். காந்தி அதைத் தம் ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டு, தம் கருத்திலும் நின்றார். ஸ்பார்ட்டாவுக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஏறத்தாழ இருபத்து நான்கு நூற்றாண்டுகள். நில அதிர்வு மானிகள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த காலத்திலும், எதற்காக என்ற கேள்வி அப்படியே இருந்தது. தாகூர் பக்கம்தான் நான். ஆனாலும் ஒடுக்கப்பட்டவனுக்குச் செய்த தீங்கு நிலத்தையே அசைக்கும் என்ற எண்ணம், அறிவியலாகத் தோற்றாலும் ஏதோ ஒன்றாக நிற்கிறது.

கொள்கையும் பரிகாரமும் இப்படிப் போக, நடுங்கும் மண்ணில் வீடு கட்டிக் குடியிருந்தவர்கள் மூன்றாவது ஒரு வழியில் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் எழுதவில்லை. கட்டினார்கள்.

கிரேக்கக் கோயில்களின் கற்களைப் பிணைக்க இரும்புப் பிடிகளைப் பொருத்தி, சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். இரும்பு இழுவையைத் தாங்கும். மென்மையான ஈயம் துருவைத் தடுப்பதோடு அதிர்வில் கொஞ்சம் நெளிந்தும் கொடுக்கும். தூண்கள் ஒற்றைக் கல் அல்ல, உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் மரமுளை செருகியவை. குலுங்கும்போது உருளைகள் சற்றே உராய்ந்து நகர்ந்து அதிர்வின் ஆற்றலைத் தின்றுவிடுகின்றன. இதையெல்லாம் நிலநடுக்கத்துக்கென்றே செய்தார்கள் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். நின்றதைப் பார்த்துத் திரும்பச் செய்தார்கள் என்பது வரை சொல்லலாம். எஃபெசஸின் ஆர்டெமிஸ் கோயிலை மட்டும், நடுக்கம் தாக்காதிருக்க வேண்டுமென்றே சதுப்பு நிலத்தில், கரியும் ஆட்டுத்தோலும் பரப்பி எழுப்பியதாக ரோமானியர் பிளினி எழுதினார். ஈர மண் அதிர்வைப் பெருக்கும் என்பது இன்றைய அறிவு. முசாஃபர்பூர்க்காரர்களைக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்கள்.

பணத்தால் நிலநடுக்கத்தைச் சமாளிக்கும் கலையும் அங்கே பிறந்துவிட்டது. கி.மு. 226 வாக்கில் ரோட்ஸ் தீவில் பெரும் வெண்கலச் சிலை முழங்காலில் முறிந்து விழுந்தபோது, சிராக்யூஸ், எகிப்து, மாசிடோனிய அரசர்கள் வெள்ளியும் மரமும் தானியமும் போட்டிபோட்டு அனுப்பினார்கள். ரோட்ஸ் மக்கள் வாங்கிக்கொண்டார்கள், சிலையை மட்டும் திரும்ப நிறுத்தவில்லை. கி.பி. 17-இல் ஆசியா மைனரின் பன்னிரண்டு நகரங்கள் ஒரே இரவில் இடிந்தன. பேரரசர் திபேரியஸ் சார்டிஸ் நகரத்துக்கு ஒரு கோடி செஸ்டெர்ஸும் ஐந்தாண்டு வரிவிலக்கும் கொடுத்தார்.

பாம்பேயில் கி.பி. 62 வாக்கில் நடுக்கம் வந்தது. கேசிலியஸ் யுகுண்டஸ் என்ற வட்டிக்கடைக்காரர் வீட்டில், வழிபாட்டு மாடத்தில், அந்த நிமிடத்தைப் பளிங்கில் செதுக்கி வைத்திருந்தார்கள். ஜூபிடர் கோயில் ஒருபக்கம் சாய்கிறது, குதிரைச் சிலைகள் கவிழ்கின்றன. உலகில் நிலநடுக்கத்தை நேரில் கண்டவர் ஊரிலேயே செய்த சித்திரங்களில் இது மிகப் பழையவற்றில் ஒன்று. தத்துவவாதி செனகா அந்த நடுக்கத்தைக் கேள்விப்பட்டு ஒரு நூலின் முழுப் பகுதியை எழுதினார். அறுநூறு ஆடுகள் செத்ததை, எரிமலை நாட்டின் நச்சுக்காற்றால் என்று ஊகிக்கும் அளவுக்கு அதில் விவரம் உண்டு. எந்த மண்ணும் விதிவிலக்கல்ல, எனவே ஊரை விட்டு ஓடிப் பயனில்லை என்பது அவர் ஆறுதல். பதினேழு ஆண்டு கழித்து வெசூவியஸ் வெடித்தபோது, ஓடியவர்கள்தான் பிழைத்தார்கள்.

இந்தியாவிலும் இந்த மூன்றாவது வழி உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. கட்ச்சில் 1819-இல் வந்த நடுக்கம் ரண் பகுதியின் நடுவே பல மீட்டர் உயரத்துக்கு ஒரு நெடுங்கரையையே எழுப்பியது; மக்கள் அதற்கு அல்லா பந்த் என்று பெயரிட்டார்கள். அங்குள்ள வட்ட வடிவ மண்வீடான புங்கா, 2001 ஜனவரி 26-இல் புஜ் நகரத்துக் கான்கிரீட் மாடிகள் சரிந்தபோது பெரும்பாலும் நின்றது. வட்டச் சுவரில் மூலை இல்லை, மூலையில்தான் விரிசல் தொடங்கும். மேலே கூரையும் கனமில்லாத ஓலை. இமாச்சலத்தில் தேவதாரு உத்திரத்தையும் கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கும் காத்குனிச் சுவர்கள் உண்டு. 1905-இல் காங்ரா நடுக்கம் சுமார் இருபதாயிரம் பேரைக் கொன்ற மலைநாடு அது. 1897 ஷில்லாங் நடுக்கத்துக்குப் பிறகு அசாமில் கல்கட்டடத்தைக் கைவிட்டு, மரச்சட்டமும் நாணல் தட்டியும் தகரக் கூரையுமாக ஒரு வீட்டுவகையே வேரூன்றியது. எல்லாமே நடுக்கம் பாட்டியின் நினைவிலோ பேத்தியின் நினைவிலோ இருக்கும் இடங்கள்.

இனி நம் பக்கம். சங்கப் புலவர்களிடம் நிலம் பெயர்வது என்பது நடக்கவே முடியாத ஒன்றுக்கு உவமை. அதுவே நடந்தாலும் உன் வாக்கு மாறாதிருக்கட்டும் என்று மன்னனை வாழ்த்துவார்கள். ஏஜியன் கரையில் ஒரு கவிஞன் அப்படிப் பாடியிருந்தால், மன்னனின் வாக்கு ஐம்பது ஆண்டு தாங்கினால் போதும் என்று பொருளாகிவிடும். சோழர் கல்வெட்டுகளில் காவிரி வெள்ளம் மணலடித்த நிலங்கள் வருகின்றன, அவற்றுக்கு வரி நீக்கியது வருகிறது. 1201-ஆம் ஆண்டுத் திருப்பாம்புரம் கல்வெட்டில், பஞ்சம் தாளாமல் ஒரு வேளாளர் தன்னையும் இரு மகள்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டது வருகிறது. எது தங்களை அழிக்கும் என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பட்டியலில் நிலநடுக்கத்தைத் தேடி எடுப்பது அரிது. கடற்கோள் வேறு கதை, அதற்குத் தனி அத்தியாயம் இருக்கிறது.

அப்படியென்றால் இங்கே நடுங்கவே இல்லையா? நடுங்கியிருக்கிறது, எழுதிவைக்க ஆள் இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஓல்டாம் தொகுத்து 1883-இல் வெளியான பட்டியலும் அதன்பின் வந்தவையும் ஆங்கிலேய அதிகாரிகளின் கடிதங்களையும் செய்தித்தாள்களையும் சார்ந்தவை. ஆகவே நம் நடுக்க வரலாறு ஏறத்தாழ கும்பினியோடு தொடங்குகிறது: 1807-இல் சென்னை, 1822-இல் வந்தவாசி, 1859-இல் போளூர், 1867-இல் விழுப்புரம். திருமலைக்குப் போளூர் கூப்பிடு தூரம். 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூரில் வந்தது அளவு 6. தென்னிந்தியாவில் பதிவானவற்றில் பெரியவற்றுள் ஒன்று. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 5.5. 2021 கடைசியில் வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டுப் பக்கத்தில் சின்னச் சின்ன அதிர்வுகள் வந்து மக்களை வீட்டுக்கு வெளியே நிறுத்தின. நவம்பர் 29 விடியற்காலை வந்தது 3.6. செய்தித்தாள்கள் இன்னும் ரிக்டர் என்றே எழுதுகின்றன, அந்த அளவுகோலை விட்டு அறிவியல் நகர்ந்து பல காலமாயிற்று.

ஓய்ந்த நிலம் ஏன் அசைகிறது? இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கே போய் ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முட்டலின் அழுத்தம் தட்டு முழுவதும் பரவுகிறது. தென்னாட்டுப் பாறை ஒரே துண்டு இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உடைந்து மறுபடி சேர்ந்த பல துண்டுகள். அறுந்த பாவை முடிச்சுப் போட்டு நெய்த சேலையை இழுத்துப் பார்த்தால், விட்டுக்கொடுப்பது முடிச்சுதான். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டியும், பவானி, மோயாற்றை ஒட்டியும் ஓடும் பழைய முறிவுகள் அப்படிப்பட்டவை. ஓரிடத்தில் அழுத்தம் விட்டுக்கொடுக்கும் அளவுக்குச் சேர ஆயிரம் ஆண்டும் ஆகலாம், பத்தாயிரமும் ஆகலாம். மனித நினைவு அவ்வளவு நீளம் இல்லை.

இதன் விலையை மகாராஷ்டிரத்தின் கில்லாரி கொடுத்தது. 1993 செப்டம்பர் 30, அதிகாலை 3:56. முந்தைய நாள் கணபதியைக் கரைத்துவிட்டு வந்து ஊர் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தது. அளவு 6.2தான், ஜப்பானில் பெரும்பாலும் ஓடு சரிவதோடு போகும். இங்கே ஏறக்குறைய பத்தாயிரம் பேர் செத்தார்கள். சேற்றில் அடுக்கிய கருங்கல் சுவர்கள், இரண்டடிக்கும் மேல் தடிமன். அதன்மேல் வெயிலுக்குக் குளிர்ச்சியாக அடிக்கணக்கில் மண் கொட்டிய கூரை. தக்காணத்து வெயிலுக்கு இதைவிட அறிவான வீடு இல்லை. அந்த மக்கள் தங்கள் எதிரியைச் சரியாகவே கணித்துக் கட்டியிருந்தார்கள். வந்தது வேறு எதிரி. 1992-லேயே அங்கே சிற்றதிர்வுகள் வந்து மக்களைக் கலவரப்படுத்தியிருந்தன. சிற்றதிர்வுகள் எல்லாம் பெரியதற்கு முன்னறிவிப்பு இல்லை, பெரும்பாலானவை வந்த சுவடின்றி அடங்கிவிடும். எது எந்த வகை என்று முன்கூட்டிப் பிரிக்கும் வழி இன்றுவரை யாரிடமும் இல்லை. கில்லாரிக்குப் பின்னர்தான் தென்னாட்டை மறுபடி மதிப்பிட்டார்கள். 2002-இல் திருத்திய வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது.

இந்த இடத்தில் யாராவது தஞ்சைப் பெரிய கோயிலைக் கொண்டுவருவார்கள். ஆறு நடுக்கங்களைத் தாங்கி நிற்கிறது, அடியில் மணல் நிரப்பி ஆடவிட்டிருக்கிறான் சோழன், என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை வருகிறது. அகன்ற அடி, மேலே போகப்போகக் குறுகும் கூம்பு, சாந்தில்லாமல் பாரத்தாலேயே பிடிக்கும் கற்கள் என்பன நடுக்கத்துக்கு நல்லவைதாம். ஆனால் கூம்பை உயரமாகக் கட்ட வேறு வழியும் இல்லை. கடுமையாகக் குலுங்காத ஊரில் நின்றதை வைத்துக் குலுக்கலைத் தாங்கும் என்று முடிவு கட்ட முடியாது. எழுதாத தேர்வில் முதல் மதிப்பெண் போடுகிறோம். திருமலை நேமிநாதரும் இந்த வழக்கில் சாட்சியாக மாட்டார். அவர் மலையோடு ஒன்றியவர், மலை போனால்தான் போவார்.

சாட்சி சொல்லக்கூடியவை வேறு சில அதே வட்டாரத்தில் இருக்கின்றன. ஆரணி, போளூர், செஞ்சி என்று எங்கே பார்த்தாலும் குன்றுகளின் மேல் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, தள்ளினால் விழும்போல நிற்பதைப் பார்க்கிறோம். பூதம் அடுக்கியது என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். நிலத்தடியில் விரிசல் வழியே நீர் இறங்கிப் பாறையின் மூலைகளைத் தின்று உருட்டியது; பிறகு சுற்றியிருந்த மக்கிய மண்ணை மழை கழுவிவிட, உருண்டைகள் இருந்த இடத்திலேயே வெளிப்பட்டு நின்றன. 1990-களில் அமெரிக்காவின் நெவாடாவில் ஜேம்ஸ் புரூன் என்ற நில அதிர்வியலார் இப்படிப்பட்ட பாறைகளைத் தலைகீழாகப் பார்த்தார். இது இன்னும் விழவில்லை என்பதே ஒரு பதிவு அல்லவா? இந்தப் பாறையைக் கவிழ்க்கும் அளவு குலுக்கல், இது வெளிப்பட்ட நாளிலிருந்து இங்கே வரவில்லை.

கணக்கு எளியது. பாறையின் எடைமையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அது கவிழ வேண்டிய விளிம்பிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தூரம் உள்ளே இருக்கிறது என்று அளக்க வேண்டும். உயரம் மூன்று மீட்டர், தூரம் ஒரு மீட்டர் என்றால், புவியீர்ப்பு முடுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு நிலம் பக்கவாட்டில் இழுத்தால் பாறை ஆடத் தொடங்கும். கவிழ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஒல்லியான பாறை நல்ல சாட்சி, குட்டையானது மோசமான சாட்சி. மாமல்லபுரத்துக் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை பார்க்கத்தான் பயமுறுத்துகிறது. உயரத்துக்கு ஏற்ற அகலம் இருப்பதால் குலுக்கலைப் பற்றி அது சொல்வது கொஞ்சம்தான்.

இதற்கு மேல் பாறையின் வயது தெரிய வேண்டும். பாறை பிறந்த வயது அல்ல, மண்ணிலிருந்து தலைகாட்டி எத்தனை காலம் என்பது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் வெளியே தெரியும் குவார்ட்ஸ் படிகத்தின் ஆக்சிஜனைத் தாக்கி, பெரிலியம்-10 என்ற அரிய அணுவை மிக மெதுவாக உண்டாக்குகின்றன. மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கும்வரை இது நடப்பது சொற்பம். மேற்பரப்பில் ஒரு கைப்பிடிக் கல்லைப் பெயர்த்து, குவார்ட்ஸைப் பிரித்து, அந்த அணுக்களை முடுக்கி நிறை நிறமாலைமானியில் எண்ணினால் வெளிப்பட்ட காலம் கிடைக்கும். கும்பினிக் கடிதங்கள் தராத பத்தாயிரம் ஆண்டுக் கணக்கை இந்தப் பாறைகள் தரக்கூடும்.

ஆனால் அதுவரை அவை நிற்க வேண்டும். வட தமிழ்நாட்டின் கருங்கல்லுக்கு உலகச் சந்தையில் நல்ல விலை. வைரக்கம்பி அறுத்தால் மழமழவென்று வரும், கல்லறைப் பலகைக்கும் சமையலறை மேடைக்கும் ஏற்றது. குவாரிக்காரர் முதலில் எடுப்பது மலையைக் குடைய வேண்டாத, தனியாக நிற்கும் உருண்டைகளை. எந்தக் குன்றில் எந்தப் பாறை ஒல்லியாக நிற்கிறது என்று ஒரு கேமராவும் அளவுநாடாவும் கொண்டு குறித்துவர ஒரு கல்லூரிப் புவியியல் துறைக்கு இரண்டு கோடை விடுமுறை போதும். திருமலையைச் சுற்றியுள்ள குன்றுகளிலிருந்து தொடங்கலாம். போளூரில் 1859-இல் வந்தது எவ்வளவு பெரியதாக இருந்திருக்க முடியாது என்பதையாவது அந்தப் பாறைகள் முதல் நாளிலேயே சொல்லிவிடும்.